மணப்பாட்டிலிருந்து புன்னைக்காயலுக்கு

மணப்பாட்டிலிருந்து புன்னைக்காயலுக்குக் கடற்கரை வழியே நடந்து செல்வோருக்கு ஏறத்தாழ ஒருநாள் நடை. வழியில் ஆலந்தலை, திருச்செந்தூர், வீரபாண்டியன்பட்டினம், கொம்புத்துறை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் தேரிமணலும் பனைக்கூட்டமும். பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, திருநெல்வேலிச் சீமையின் வயல்களையெல்லாம் நனைத்துவரும் தாமிரபரணி, புன்னைக்காயலருகே கடலோடு கலக்கின்றது. 1544-ஆம் ஆண்டில் இந்தக் கரைவழியாக ஆட்கள் மடல்களைச் சுமந்தவண்ணம் இருந்தார்கள். எழுதியவர் பெரும்பாலும் மணப்பாட்டிலிருந்தார். பெற்றுக்கொண்டவர் புன்னைக்காயலிலோ அதையடுத்த ஊர்களிலோ இருந்தார். அவ்வாறு சென்ற மடல்களுள் இருபதுக்கும் மேற்பட்டவை இன்றளவும் அழியாமல் நமக்குக் கிடைத்திருக்கின்றன. எழுதியவர் புனித பிரான்சிஸ் சவேரியார். பெற்றவர் பிரான்சிஸ்கு மன்சிலாஸ் என்னும் போர்த்துக்கேயர்.

நம் பங்குகளில் எல்லோருக்கும் தெரிந்த சவேரியார் ஒருவர் உண்டு. டிசம்பர் 3-ஆம் நாள் கொடியேற்றிக் கொண்டாடப்படும் சவேரியார் அவர்; கையில் பாடுபட்ட சுரூபத்தைத் தாங்கி, கண்களை வானுக்கு உயர்த்தி நிற்பவர்; கோவா மாநகரில் வெள்ளிப் பேழைக்குள் துயில்பவர். பாளையங்கோட்டையில் நம் பேராலயம் அவர் பெயரைத் தாங்குகின்றது. 1923-இல் தொடங்கிய கல்லூரியும் அவர் பெயரையே தாங்குகின்றது. திருநாள் பிரசங்கங்களில் அவர் செய்த புதுமைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மடல்களில் நாம் சந்திப்பது வேறொரு சவேரியார். காற்று எதிர்த்து அடிக்கிறது என்று வருந்துகிறவர். மொழிபெயர்ப்பாளன் காய்ச்சலில் விழுந்துவிட்டான் என்று தவிக்கிறவர். தமக்குக் கீழே வேலை செய்யும் ஒருவர் சோர்ந்துபோவாரோ என்று அஞ்சி, சில நேரங்களில் நாள் தவறாமல் பேனாவை எடுக்கிறவர். இந்தச் சவேரியாரை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பது நம் நெடுநாளைய ஆசை.

முதலில் அவர் எத்தகைய மனிதர் என்பதைச் சொல்லிவிடுவோம். நவார் நாட்டில் சவேரியார் கோட்டையில் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் சட்டத்தில் பண்டிதர், அரசரின் ஆலோசகர், தாயாரும் உயர்குடிப் பிறந்தவர். பிரான்சிஸ் ஒன்பது வயதுச் சிறுவனாயிருந்தபோது தந்தையார் இறந்தார். அதற்கடுத்த ஆண்டு அரசியல் கலகத்தின் விளைவாகக் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. 1525-இல் பாரிசுப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சென்றார்; 1530-இல் கலைப் பட்டம் பெற்றார்; பின்னர் பாரிசிலேயே போவே கல்லூரியில் அரிஸ்டாட்டிலின் தத்துவத்தை மாணவர்களுக்குப் போதித்தார். புகழும் பதவியும் காத்திருந்த நேரம் அது. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த இஞ்ஞாசியார் அவரை எவ்வாறு திருப்பினார் என்பது நாம் பலமுறை கேட்ட வரலாறு. ஆகவே அதை இங்கே விரிக்கவில்லை. பிரபு குலத்தவரும் தத்துவ ஆசிரியருமாகிய இவர், 1541-இல் லிஸ்பனிலிருந்து கப்பலேறியபோது, பணியாள் ஒருவனை உடன் அழைத்துச் செல்லும்படி பெரியோர் வற்புறுத்தியும் இசையவில்லை. பாப்பரசரின் தூதுவர் என்ற பட்டயம் கையிலிருந்தும் தம் துணியைத் தாமே துவைத்துக்கொண்டார்.

மன்சிலாசோ முற்றிலும் வேறு வகையினர். படிப்பு அவருக்கு எளிதில் ஏறவில்லை. இவரிடம் கல்வியைவிட ஆர்வமும் நற்குணமும் கபடற்ற எளிமையுமே மிகுதி என்று, இந்தியாவுக்குப் புறப்படு முன்னரே சவேரியார் உரோமைக்கு எழுதினார். அந்தக் குறையைப் பாராமல் குருப்பட்டம் கிடைப்பதற்கு வழிசெய்ய வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார். ஆக, மன்சிலாசுக்காக முதலில் பரிந்து பேசியவர் சவேரியாரே. கற்றவர்கள் நிறைந்த ஒரு சபையில், கல்லாதவர் ஒருவருக்காகப் பாரிசு ஆசிரியர் ஒருவர் முன்வந்து பேசினார் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்விடத்தில் வேறொரு நாட்டுச் செய்தி நினைவுக்கு வருகின்றது. ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் ஷாப்ட்ஸ்பரி பிரபு என்னும் தத்துவ ஆசிரியர் வாழ்ந்தார். எளிய குடும்பத்துப் பிள்ளையான மைக்கேல் ஐன்ஸ்வொர்த் என்பவரை ஆக்ஸ்போர்டில் படிக்க வைத்தார். அவர் ஆங்கிலிக்கன் சபையில் குருவாகும் காலம் வரை மடல்கள் எழுதி வழிநடத்தினார். பிரபு இறந்தபின், 1716-இல் அம்மடல்கள் நூலாக வெளிவந்து பலராலும் படிக்கப்பட்டன. எந்த நூலைப் படிக்கலாம், எந்த ஆசிரியரின் கருத்தில் எச்சரிக்கை வேண்டும், ஒரு போதகரின் பண்பு எத்தகையது என்பனவெல்லாம் அவற்றில் உள்ளன. நல்ல மடல்கள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் அவை நூலகத்தின் நாற்காலியிலிருந்து எழுதப்பட்டவை. நம் கரையில் எழுதப்பட்டவற்றில் நூலின் பெயர் எதுவும் வருவதில்லை. அரிசி வருகிறது, தோணி வருகிறது, காய்ச்சல் வருகிறது, சாராயம் வருகிறது, அழுகின்ற குழந்தைகள் வருகின்றன.

காலச் சூழலையும் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் 1535 முதல் 1537 வரையுள்ள ஆண்டுகளில் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். தங்களைத் துன்புறுத்திய பகைவரிடமிருந்து போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடியே அவர்கள் அம்முடிவுக்கு வந்தார்கள் என்பதை வரலாறு மறைக்கவில்லை. அதன்பின் அவர்களுக்கு மறைக்கல்வி தர ஆள் இல்லாமற்போயிற்று. 1542-ஆம் ஆண்டு இறுதியில் சவேரியார் இக்கரைக்கு வந்து, இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு, பல நாள் பாடுபட்டு, மந்திரங்களைத் தமிழில் அமைத்தார். போர்த்துக்கேயர் தமிழை 'மலபார்' என்றே அழைத்தார்கள். இம்மக்களின் தாய்மொழி மலபார், என் தாய்மொழியோ பாஸ்க்கு என்று அவர் தம் தோழர்களுக்கு எழுதியதில் சிறு புன்னகை தெரிகின்றது. மந்திரங்களை மனப்பாடம் செய்து, கையில் மணியொன்றை அடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து சிறுவர்களைக் கூட்டினார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கைகள் ஓய்ந்த நாள்களும் உண்டு. அந்த மடலில்தான், ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களுக்கு, சிறப்பாகப் பாரிசுக்குச் சென்று, அறிவு மிகுந்தும் அன்பு குறைந்தும் இருப்போரின் செவிகளில் பித்தனைப்போல் கூவ வேண்டும் என்று தமக்குத் தோன்றுவதாக எழுதினார். தாம் பாடம் நடத்திய அறைகளை நினைத்தே எழுதியிருப்பார் என்று நாம் கருதுகிறோம்.

கோவா சென்று திரும்பியபோது மன்சிலாசையும் உடன் அழைத்துவந்தார். மன்சிலாஸ் அப்போது குருப்பட்டம் பெறாதவர். தமிழ் அறியாதவர். அவரைப் புன்னைக்காயலில் விட்டுவிட்டுச் சவேரியார் மணப்பாட்டுக்குச் சென்றார். 1544 பிப்ரவரியில் முதல் மடல் புறப்பட்டது.

அதன் சாரம் இது. நல்ல தந்தை ஒருவர் தம் கெட்ட பிள்ளைகளிடம் எவ்வாறு நடந்துகொள்வாரோ அவ்வாறு இம்மக்களிடம் நடந்துகொள்ள வேண்டும். அவர்களிடம் எத்தனை தீமைகளைக் கண்டாலும் சலிப்படையக் கூடாது. ஏனெனில் அவர்களால் இத்தனை மனவருத்தம் அடையும் கடவுளே அவர்களை அழிக்காமல் தாங்கி, அவர்களுக்கு வேண்டியவற்றைக் கொடுத்து வருகிறாரே! மன்சிலாஸ் தாம் எண்ணுவதைவிட அதிகப் பலன் விளைவிக்கிறார் என்றும் அதில் எழுதியிருந்தார். தனியாக விடப்பட்ட ஒருவருக்கு இந்தக் கடைசி வாக்கியம் எவ்வளவு தேவையாயிருந்திருக்கும் என்பதை, பிள்ளைகளைத் தூர ஊருக்குப் படிக்க அனுப்பியுள்ள தாய் தந்தையர் நன்கு அறிவர். வேறொரு மடலில், நீர் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும், அந்தக் கடனை இவ்வுலகிலேயே தீர்க்கக் கடவுள் உமக்கு வாய்ப்பளித்திருக்கிறார் என்னும் கருத்தில் எழுதுகிறார். புன்னைக்காயல் மக்கள் இதை வாசித்தால் எங்கள் ஊரையா உத்தரிக்கிற ஸ்தலம் என்றார் என்று கேட்கக்கூடும்! ஆயினும் அதே சவேரியார், பட்டங்கட்டிகளிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் அன்போடு பழகும்படி திரும்பத் திரும்பச் சொல்கிறார். மக்கள் உம்மை நேசிக்கும்படி நடந்துகொள்ளும், அவர்கள் உம்மை நேசித்தால் நீர் கடவுளுக்கு அதிகமாய் ஊழியம் செய்யலாம் என்பது அவர் தரும் காரணம். குழந்தைகளுக்கு மந்திரம் கற்பிப்பதையும், பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதையும் எந்த மடலிலும் மறக்காமல் நினைவூட்டுகிறார்.

மத்தேயு என்று ஒரு சிறுவன் மன்சிலாசோடு இருந்தான். போர்த்துக்கேய மொழியில் சொல்லப்படுவதைத் தமிழில் சொல்வது அவன் வேலை. நல்ல பிள்ளையாய் இருக்கும்படி அவனிடம் சொல்லும். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் கேட்கும்படி, மணப்பாட்டிலுள்ள எங்கள் காதிலும் விழும்படி உரக்கப் பேசச் சொல்லும் என்று எழுதுகிறார். இவ்வரியைப் படிக்கும்போதெல்லாம் நாம் சிரித்துக்கொள்கிறோம். கோயிலில் வாசகம் வாசிக்கத் தம் பிள்ளையை அனுப்பிவிட்டு, குரல் கேட்கவில்லையே என்று பதறும் தாய்மார் நம் பங்குகளில் இன்றும் இருக்கிறார்கள் அல்லவா?

இனி நாம் மிகவும் விரும்பும் மடலுக்கு வருவோம். தமிழ்க் கத்தோலிக்கர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கத்தக்க செய்தி ஒன்று அதில் உள்ளது. விசுவாசப் பிரமாணத்தைத் தமிழாக்கியபோது, முதலில் அமைத்தவர்கள் 'எனக்கு வேண்டும்' என்ற சொற்களைப் போட்டிருந்தார்கள். பேச்சு வழக்கில் 'எனக்கு வேணும்'. சவேரியார் இதைக் கண்டுபிடித்துவிட்டார். வேண்டும் என்றால் விரும்புகிறேன் என்று பொருள். விசுவாசம் என்பதுதான் நம்புதலைக் குறிக்கும் சொல். ஆகவே அதை மாற்றிக் கற்பியும் என்று மன்சிலாசுக்கு எழுதினார். கடவுள் எனக்கு வேண்டும் என்று சொல்வது வேறு, கடவுளை நம்புகிறேன் என்று சொல்வது வேறு. மற்றொரு சொல்லையும் திருத்தினார். ஆண்டவருடைய பாடுகளைக் கூறும் இடத்தில் 'வன்பினாலே' என்று வந்திருந்தது. அதைச் சொல்லாதேயும், அது கட்டாயத்தினால் என்று பொருள்படும். கிறிஸ்துநாதர் கட்டாயத்தினால் பாடுபடவில்லை, தம் சொந்த விருப்பத்தினால் பாடுபட்டார் என்று விளக்கினார்.

தமிழைச் சரளமாகப் பேசத் தெரியாத ஒருவர் இதைக் கண்டுகொண்டார். எப்படிக் கண்டார் என்று நாம் யோசித்ததுண்டு. சொற்களின் பொருளை வரையறுப்பதும், விருப்பத்தையும் நம்பிக்கையையும் வேறு பிரித்தறிவதும், கட்டாயச் செயலுக்கும் மனமுவந்த செயலுக்கும் உள்ள வேற்றுமையை நிறுவுவதும் அரிஸ்டாட்டிலைப் போதிப்பவரின் அன்றாடத் தொழில். பாரிசில் இலத்தீன் மொழியில் மாணவர்களுக்கு விளக்கியதைத்தான் புன்னைக்காயல் மீனவரின் ஜெபத்திற்காக இரண்டு தமிழ்ச் சொற்களில் செய்தார். தத்துவப் படிப்பு வீணாயிற்று என்று யார் சொல்ல முடியும்? நாம் சிறு வயதில் 'விசுவசிக்கிறேன்' என்று சொல்லி வளர்ந்தோம். இப்போது 'நம்புகிறேன்' என்று சொல்கிறோம். எதைச் சொன்னாலும் 'வேண்டும்' என்று சொல்லாதிருப்பதற்கு அந்த மடல் காரணம். பின்னாளில் என்ரிக்கே என்ரிக்கஸ் அடிகளார் இக்கரையில் தங்கித் தமிழை முறையாகக் கற்று, இலக்கணம் எழுதி, 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிடும் அளவுக்கு அப்பணி வளர்ந்தது. அதன் தொடக்கம் இத்தகைய சிறு திருத்தங்களில் இருந்தது.

மொழி தெரியாத துயரத்தை ஒரு மடலில் சவேரியார் மறைக்காமல் எழுதுகிறார். மொழிபெயர்ப்பாளன் அந்தோனி மணப்பாட்டில் நோயுற்றுக் கிடக்கிறான். தாம் ஓர் ஊரில் தனியாயிருக்கிறார். நான் பேசுவது அவர்களுக்கு விளங்கவில்லை, அவர்கள் பேசுவது எனக்கு அதைவிடக் குறைவாகவே விளங்குகின்றது. நான் எப்படிப் பிரசங்கம் செய்கிறேன் என்பதை நீரே எண்ணிப்பாரும் என்கிறார். ஆனால் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை. ஏழைகள் தங்கள் தேவையை விளக்குவதற்கும் தேவையில்லை. அவர்களைப் பார்த்ததுமே புரிந்துவிடுகின்றது என்று தொடர்கிறார். பெரியவர் ஒருவர் தம் இயலாமையைக் கீழுள்ளவருக்கு இவ்வாறு எழுதுவது அரிது. மன்சிலாஸ் தமிழ் வராமல் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் இம்மடல் அவர் கைக்கு வந்திருக்கும். எத்தனை போதனைகளைவிடவும் இது அவருக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

மடல்களில் கசப்பும் உண்டு. அக்கசப்பு பெரும்பாலும் இம்மக்களைப் பற்றியதன்று, போர்த்துக்கேயரைப் பற்றியது. போர்த்துக்கேயன் ஒருவன், அரச குடும்பத்தாரின் அடிமைகளைப் பிடித்துக் கட்டிக்கொண்டுபோன செய்தி வந்தபோது சவேரியார் கொதித்தெழுந்தார். நம்முடையவர்களே இப்படிச் செய்தால் நாம் எதற்கு இங்கே இருக்கிறோம், வேறு நாட்டுக்குப் போய்விடலாமே என்று எழுதுமளவுக்கு மனம் நொந்தார். வேறிடங்களில் அவரது கண்டிப்பு நம்மவர் மேலும் பாய்கின்றது. சாராயம் குடிக்கும் பெண்களுக்கு அபராதமும் மூன்று நாள் காவலும் விதிக்கச் சொல்கிறார். புன்னைக்காயலில் இனிச் சாராயம் என்று கேள்விப்பட்டால் பட்டங்கட்டிகளே பொறுப்பு என்று எச்சரிக்கிறார். குடிக்கும் ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களை மட்டும் ஏன் தேடிப் பிடிக்கச் சொன்னார் என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. புனிதர்களும் தங்கள் காலத்தின் மனிதர்களே. சில வரிகள் இன்று நம்மை உறுத்தத்தான் செய்கின்றன. உறுத்துவதை மூடி மறைத்துப் படிப்பது அவருக்கு மரியாதை ஆகாது.

1544 ஜூன் மாதத்தில் பேரிடர் வந்தது. வடுகர் குதிரைப்படை கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் மேல் பாய்ந்தது. மக்கள் ஊரை விட்டோடிக் கடலிலுள்ள பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். அங்கே பசியாலும் தாகத்தாலும் மாண்டார்கள். செய்தி கேட்டதும் சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஆனி மாதத்துக் காற்றை நம் கடற்கரை மக்கள் அறிவார்கள். தோணிகள் முன்னேற முடியவில்லை, திரும்ப நேர்ந்தது. பின்னர் கால்நடையாகவே சென்று அம்மக்களைக் கண்டார். நடக்க இயலாத முதியோர், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்கள், உண்ண ஏதுமற்றோர் என்று தாம் கண்ட காட்சியை மன்சிலாசுக்கு எழுதினார். உதவி திரட்டும்படி பட்டங்கட்டிகளுக்குச் செய்தி போயிற்று. அப்போதும் ஒரு நிபந்தனை: மனமுவந்து கொடுப்போரிடம் மட்டும் வாங்க வேண்டும்; ஏழைகளை நெருக்கக் கூடாது. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு காயல்பட்டினமும் ஆத்தூரும் புன்னைக்காயலும் நீரில் தத்தளித்தபோது, மீனவர்கள் தங்கள் படகுகளை ஏற்றிக்கொண்டு உள்ளூர்களுக்கு வந்து மக்களை மீட்டதைக் கண்ட நமக்கு அந்த 20 தோணிகளை மனக்கண்ணில் காண்பது கடினமன்று.

செப்டம்பரில் வடுகர் தூத்துக்குடியைத் தாக்கினர். அங்கே போர்த்துக்கேயத் தலைவனாயிருந்த கோஸ்மே தெ பைவா என்பவன் சவேரியாருக்குப் பெரும் தலைவலியாய் இருந்தவன். அவன் செய்த அநீதிகளை அவர் கண்டித்ததால் அவரைப் பகைத்து மோசமாக மடல் எழுதியவன். இப்போது அவன் வீடு எரிந்தது, மரக்கலம் எரிந்தது, அவன் உயிர் தப்பித் தீவுகளுக்கு ஓடினான். ஆலந்தலையிலிருந்த சவேரியார் செய்தி அறிந்த உடனே மன்சிலாசுக்கு எழுதினார்: கடவுளின் பேரால் உடனே புறப்படும், புன்னைக்காயலிலுள்ள தோணிகளையெல்லாம் திரட்டும், குடிதண்ணீரை நிறைய ஏற்றிக்கொண்டு போய் அவர்களைக் காப்பாற்றும். தாமே போயிருப்பார்; ஆனால் தம்மைக் கண்டால் அவன் மனம் இன்னும் கசப்படையும் என்பதால் போகவில்லை. பகைவனை நேசியுங்கள் என்னும் கட்டளையைப் பற்றி நாம் கேட்டுள்ள பிரசங்கங்கள் பல. அவற்றுள் தண்ணீர்ப் பானைகளை ஏற்றச் சொன்ன இந்த அவசர மடலுக்கு ஈடானது ஒன்றையும் நாம் கேட்டதில்லை.

அடுத்த ஆண்டளவில் மன்சிலாஸ் குருப்பட்டம் பெற்றார். சவேரியார் முன்பு உரோமைக்கு எழுதி வேண்டியது நிறைவேறிற்று. 1545 ஏப்ரலில் சவேரியார் நாகப்பட்டினத்திலிருந்து அவருக்கு எழுதினார்: ஓரிடத்தில் தங்கிவிடாமல் ஊர் ஊராகச் சென்று குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடும், மந்திரம் கற்பியும், உபதேசிமாரைக் கவனியும். உபதேசிமாரின் சம்பளத்துக்குப் பணமும் ஏற்பாடாகியிருந்தது. போர்த்துக்கல் அரசி கத்தரீனம்மாளின் பாதரட்சைச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து ஆண்டுதோறும் சென்றுகொண்டிருந்த 4000 பணத்தை, சிறுவர்களுக்குக் கற்பிப்போருக்கென்று சவேரியார் கேட்டுப் பெற்றார். மோட்சத்துக்கு ஏறிச் செல்ல இந்தக் குழந்தைகளைவிட நல்ல பாதரட்சை அரசியாருக்குக் கிடைக்காது என்று எழுதினாராம்!

சவேரியார் கிழக்கு நோக்கிக் கப்பலேறினார். மலாக்காவுக்குச் சென்றார், அங்கிருந்து மொலுக்காஸ் தீவுகளுக்குச் சென்றார். 1546 மே 10-ஆம் நாள் அம்போன் தீவிலிருந்து சில மடல்கள் எழுதினார். ஐரோப்பாவிலுள்ள தம் தோழர்களுக்கு எழுதிய மடலில், நீங்கள் உங்கள் கைப்பட எழுதிய பெயர்களை மடல்களிலிருந்து வெட்டியெடுத்து, என் வார்த்தைப்பாட்டோடு சேர்த்து எப்போதும் என்னுடன் வைத்திருக்கிறேன் என்கிறார். அதே நாளில் இந்தியாவுக்கும் ஒரு மடல் எழுதினார். ஜுவாம் தெ பெய்ரா என்னும் குருவும் மன்சிலாசும் மொலுக்காசுக்குப் புறப்பட்டு வர வேண்டும் என்பது அதிலிருந்த கட்டளை.

பெய்ரா சென்றார். மன்சிலாஸ் செல்லவில்லை.

கீழ்ப்படிதலில் சவேரியார் எத்தகையவர் என்பதை நாம் அறிவோம். இஞ்ஞாசியாருக்கு எழுதும் மடல்களை முழந்தாளிலிருந்து எழுதியவர் அவர். 1548-இல் இந்தியா திரும்பியபோது மன்சிலாசைச் சேசு சபையிலிருந்து விலக்கினார். 1544 முழுவதும் சோர்வடையாதேயும் சோர்வடையாதேயும் என்று எழுதிக்கொண்டிருந்த அதே கை இப்போது இந்த முடிவை எழுதிற்று. சபையின் சட்டப்படி அது நியாயமே. கட்டளையை மறுத்தவரை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு எப்படிக் கட்டளையிடுவது? ஆயினும் வாசிக்கும் நம் நெஞ்சம் மன்சிலாசின் பக்கமும் சாய்கின்றது. தமிழ் தெரியாமல் தாமிரபரணியின் முகத்துவாரத்தில் விடப்பட்டு, அழைத்தபோதெல்லாம் தோணியெடுத்து, போரையும் பஞ்சத்தையும் கண்டு, ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒருவர் இனி இன்னொரு கடலைக் கடக்க இயலாது என்று நின்றுவிட்டால், அதைக் கோழைத்தனம் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. தலைமையில் இருப்போர் தம் உடலுக்கு இடும் சுமையையே பிறர் உடலுக்கும் இட்டுவிடுவதுண்டு. சவேரியாரிடமும் அது இருந்தது என்று நாம் எண்ணுகிறோம். வேறு எண்ணம் கொண்ட வாசகர்களும் இருப்பார்கள். அவர்களோடு நாம் வழக்காடப் போவதில்லை.

மன்சிலாஸ் குருத்துவத்தை விட்டுவிடவில்லை. கொச்சியில் மேற்றிராசனக் குருவாகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். சவேரியார் 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீன நாட்டின் கரையோரத் தீவாகிய சான்சியனில் உயிர்நீத்தார். 1556, 57-ஆம் ஆண்டுகளில் போர்த்துக்கல் அரசரின் ஆணைப்படி, அவரது வாழ்க்கையைப் பற்றிச் சாட்சிகளை விசாரித்தார்கள். கொச்சியில் நடந்த விசாரணையில் சாட்சி சொல்ல வந்தவர்களுள் மன்சிலாசும் ஒருவர். தம்மைச் சபையிலிருந்து விலக்கியவருடைய புண்ணியங்களுக்கு அவர் சத்தியம் செய்து சான்று பகர்ந்தார். மணப்பாட்டிலிருந்தும் ஆலந்தலையிலிருந்தும் வீரபாண்டியன்பட்டினத்திலிருந்தும் வந்த அந்த மடல்களையோ, விலக்கப்பட்ட பின்னும் ஒன்றையும் தூர எறியாமல் பத்திரமாக வைத்திருந்தார். பிற்காலத்தார் அவரிடமிருந்துதான் அவற்றைப் பெற்றார்கள்.